ஐந்து ஊர் போகக் கிளம்பி ஒரே ஊரில் தங்கினேன்

வியன்னாவில் இரண்டு வாரம் அலுவலக வேலை. அது முடிந்த கையோடு எட்டு நாள் விடுப்பு எடுத்து, முதுகுப்பையோடு ஊர் சுற்றுவதாகத் திட்டம் போட்டிருந்தேன். கிராக்கோவ், பிராக், பிராட்டிஸ்லாவா, புடாபெஸ்ட், லியுப்லியானா என்று ஐந்து ஊர். எந்த ஊரில் எத்தனை மணிக்கு இறங்கி எத்தனை மணிக்கு ஏறுவது என்று எக்செல்லில் கட்டம் போட்டு வைத்திருந்தேன். கடைசியில் முதல் ஊரான, போலந்தில் இருக்கும் கிராக்கோவிலேயே ஆறு இரவு தங்கிவிட்டுத் திரும்பினேன். நாற்பத்தொரு வயதில், முதல் முறையாகத் தனியாகப் போன பயணம். தனியாகப் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிற, முக்கியமாக என் வயதுப் பெண்களுக்கு இது உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

விசாவை முதலில் சொல்லிவிடுகிறேன். எந்த நாட்டில் அதிக நாள் இருக்கப்போகிறோமோ அந்த நாட்டிடம்தான் ஷெங்கன் விசா, அதாவது பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா, கேட்க வேண்டும். எனக்கு அது ஆஸ்திரியா. அவர்கள் கொடுத்த விசாவிலேயே போலந்துக்கும் போகலாம், எல்லையில் தனி அனுமதி தேவையில்லை. பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும், ஊர் சுற்றும் நாட்களையும் சேர்த்து எடுக்க வேண்டும். அலுவலகம் எடுத்துத் தருகிற காப்பீடு பல சமயம் வேலை நாட்களோடு முடிந்துவிடும். தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரவுப் பேருந்து அதிகாலை ஐந்து மணிக்கு கிராக்கோவில் இறக்கிவிட்டது. அக்டோபர் நடுப்பகுதி, ஐந்து டிகிரிக் குளிர், இன்னும் இருட்டு. தங்கும் விடுதியில் அறை கிடைப்பது மதியம் மூன்று மணிக்குத்தான். இரவுப் பேருந்தில் போனால் ஒரு நாள் வாடகை மிச்சம் என்று கணக்குப் போடுகிறோம். ஆனால் விடிகாலையிலிருந்து மதியம் வரை தூக்கமில்லாத உடம்போடு எங்கே இருப்பது என்பதையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். நல்ல வேளையாக, விடுதியில் பையை மட்டும் அப்போதே வாங்கி வைத்துக்கொண்டார்கள். இதை முன்கூட்டியே எழுதிக் கேட்டு வைத்திருந்தேன். எல்லா இடத்திலும் அந்த நேரத்தில் ஆள் இருக்க மாட்டார்கள்.

பையைப் பற்றியும் ஒரு வார்த்தை. என்னுடையது 13 கிலோ. கிராக்கோவின் பழைய நகரம் முழுக்கக் கல் பாவிய தெருக்கள். விடுதி மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. பழைய ஐரோப்பிய நகரங்களில் பெரும்பாலும் இப்படித்தான். எட்டுக் கிலோவுக்கு மேல் எடுத்துப் போகாதீர்கள். வீட்டிலேயே பையை மாட்டிக்கொண்டு மூன்று மாடி ஏறி இறங்கிப் பார்த்திருந்தால், நான் பாதித் துணியை வீட்டிலேயே வைத்திருப்பேன்.

பையை வைத்துவிட்டு ரினெக்குக்குப் போனேன். ரினெக் என்றால் சந்தைச் சதுக்கம். நகரத்துக்குச் சாசனம் கிடைத்த 1257இல் வகுத்த சதுக்கம் அது. ஒரு பக்கத்துக்கு 200 மீட்டர். நடுவில் பழைய துணிச் சந்தைக் கட்டடம், மூலையில் புனித மரியா தேவாலயம். தேவாலயத்தின் இரண்டு கோபுரங்களும் ஒரே உயரமில்லை. நான் போய் நின்றபோது ஆறு அடித்தது. உயரமான கோபுரத்தின் சன்னல் ஒன்று திறந்து, எக்காளம் ஒலித்தது. மெதுவான, கொஞ்சம் சோகமான மெட்டு. பாதியில், ஒரு சுரத்தின் நடுவில், சட்டென்று நின்றுவிட்டது. வாசிப்பவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தேன். அடுத்த சன்னலில் மறுபடி அதே மெட்டு, அதே இடத்தில் நிறுத்தம். நான்கு திசைக்கும் நான்கு முறை.

இதற்கு ஹெய்னாவ் என்று பெயர். தீயணைப்பு வீரர்கள் முறை வைத்து, இரவு பகல் பாராமல் மணிக்கு ஒரு தடவை வாசிக்கிறார்கள். 1241இல் தாத்தாரியர் படையெடுத்து வந்தபோது எச்சரிக்கை ஊதிய காவலாளியின் தொண்டையில் அம்பு பாய்ந்ததாகவும், அதனால்தான் மெட்டு அந்த இடத்தில் நிற்கிறது என்றும் ஊரில் கதை சொல்கிறார்கள். இதையெல்லாம் பிறகுதான் தெரிந்துகொண்டேன். அந்தக் காலையில் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். வாசித்து முடித்தவர் சன்னலிலிருந்து கீழே பார்த்துக் கையசைத்தார். சதுக்கத்தில் புறாக்களையும் தெரு கூட்டும் ஒருவரையும் தவிர நான் மட்டும்தான் இருந்தேன். நானும் கையசைத்தேன்.

அன்று சனிக்கிழமை. பகல் முழுக்க நடந்து, வலது குதிகாலில் கொப்புளம் வந்துவிட்டது. மறுநாள் இரவு பிராக் போக வேண்டும். எட்டுப் படுக்கை கொண்ட பெண்கள் அறையில் எனக்கு மேல் படுக்கை. கீழ்ப் படுக்கையில் லிஸ்பனிலிருந்து வந்த ஒரு அம்மா, ஓய்வு பெற்ற செவிலி, வயது அறுபத்தேழு. நான் நொண்டுவதைப் பார்த்து, கேட்காமலே என் காலை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு கட்டுப் போட்டார். "நாளைக்கு எங்கே?" என்றார். என் அட்டவணையைக் காட்டினேன். நிதானமாகப் படித்துவிட்டு, "இதில் நீ தூங்கும் இடம் எங்கே எழுதியிருக்கிறாய்?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. ஒரு செவிலி நோயாளியிடம் கேட்பது போலத்தான் கேட்டார். அன்று இரவே பிராக்கை ரத்து செய்தேன், மற்ற ஊர்களை அடுத்த நாள். ரத்து செய்யக்கூடிய அறைகளாகப் பதிந்திருந்ததால் இரண்டு பேருந்துச் சீட்டுப் பணம் மட்டும் போனது.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு இன்னொரு பாடம் காத்திருந்தது. போலந்தில் 2018இலிருந்து படிப்படியாக ஞாயிறு வணிகத் தடை கொண்டுவந்திருக்கிறார்கள். வருடத்தில் சில ஞாயிறுகள் தவிர பெரிய கடைகள் எல்லாம் மூடியிருக்கும். உணவகங்கள் திறந்திருக்கும், ஜாப்கா என்கிற சிறிய கடைகள் பெரும்பாலும் திறந்திருக்கும். ஜாப்கா என்றால் தவளைக்குட்டி. பச்சைப் பலகையைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். காய்கறி வாங்கிச் சமைக்க நினைத்த நான் கையில் ஒன்றும் இல்லாமல் விடுதிச் சமையலறையில் நின்றேன். அங்கே என்னைப் போலவே இன்னும் மூன்று பேர்.

லிஸ்பன் அம்மாவிடம் அரை முட்டைக்கோசும் நான்கு முட்டையும். கட்டாய ராணுவச் சேவை முடித்து, கல்லூரிக்குத் திரும்பும் முன் ஊர் சுற்ற வந்த ஒரு கொரியத் தம்பியிடம் இரண்டு பாக்கெட் ராம்யான் நூடுல்ஸ். அர்ஜென்டினாவின் புவனோஸ் அயர்ஸிலிருந்து வந்த ஒரு இளைஞனிடம், தேநீர் போலக் குடிக்கிற மாத்தே இலை மட்டும், ஒரு கிலோ. என்னிடம் வியன்னாவிலிருந்து கொண்டுவந்த அரிசியும், அம்மா டப்பாவில் அடைத்துக் கொடுத்த புளிக்காய்ச்சலும். சோறு வடித்து, புளிக்காய்ச்சல் கிளறி, முட்டைக்கோசைப் பொரியல் மாதிரி வதக்கி வைத்தேன். கொரியத் தம்பி முதல் வாய் எடுத்து வைத்துக் கண்ணை மூடிக்கொண்டான். அப்புறம் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். மாத்தேயை ஒரே குடுவையில், ஒரே உலோகக் குழலில், வட்டமாக உட்கார்ந்து மாறி மாறிக் குடிப்பது அவர்கள் வழக்கம். எச்சில் பார்க்கிற வீட்டில் வளர்ந்தவள் நான். அன்று குடித்தேன்.

தனியாகப் போகிறவர்கள் விடுதி தேடும்போது இடத்தையும் விலையையும் பார்ப்பதோடு சமையலறையின் படத்தையும் பாருங்கள். பெரிய மேசை ஒன்று இருந்தால் போதும், அங்கேதான் ஆட்கள் பழக்கமாவார்கள். ஒரு கைப்பிடி அதிகமாகச் சமையுங்கள். "எந்த ஊர், எத்தனை நாடு பார்த்தாச்சு" என்று எல்லோரும் எல்லோரையும் கேட்டுச் சலித்திருப்பார்கள். "இன்றைக்கு எங்கே போனீர்கள், எப்படி இருந்தது" என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு வேறு மாதிரி போகும். பூட்டு, காது அடைப்பான், ரப்பர் செருப்பு மூன்றும் கட்டாயம் வேண்டும். பெண்கள் மட்டும் தங்கும் அறை கிடைத்தால் எடுங்கள். கூடுதலாகக் கொடுக்கும் சிறு தொகை, நிம்மதியான தூக்கத்துக்கு.

அந்தத் தூக்கத்துக்குப் பிறகு ஊர் வேறாகத் தெரிந்தது. பழைய நகரத்தைச் சுற்றி மாலை போட்ட மாதிரி பிளான்டி என்று ஒரு பூங்கா. பழைய கோட்டைச் சுவரை 19ஆம் நூற்றாண்டில் இடித்துவிட்டு, அந்த இடத்தில் மரம் வைத்திருக்கிறார்கள். சுற்றி வந்தால் நான்கு கிலோமீட்டர். தினமும் காலையில் லிஸ்பன் அம்மாவும் நானும் அதில் பாதி நடந்துவிட்டு, நீல வண்டியில் விற்கிற ஒப்வஜானெக் வாங்கிச் சாப்பிடுவோம். முறுக்கிய வளையம் போல, எள்ளோ கசகசாவோ தூவிய ரொட்டி. மதியம் அவர் ஒரு மணி நேரம் தூங்குவார், பிறகு நான்கு மணிக்கு மறுபடி கிளம்புவார். நானும் அதையே பின்பற்றினேன். மதியம் தூங்கியதால் மாலையை முழுதாகப் பார்க்க முடிந்தது.

சைவமாக இருப்பவர்களுக்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பால் பார் என்று மலிவான சாப்பாட்டுக் கடைகள் உண்டு, கம்யூனிச ஆட்சிக் காலத்தில் பெருகியவை. மதுக் கடை இல்லை, பாலும் மாவும் முட்டையும் வைத்துச் செய்த சாப்பாடு என்பதால் அந்தப் பெயர். அங்கே பியெரோகி கிடைக்கும். நம் கொழுக்கட்டையைத் தட்டையாக்கி வேகவைத்த மாதிரி. 'ருஸ்கியே' என்பதில் உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும்தான் உள்ளே. ஆனால் மேலே தூவுகிற பொரித்த துண்டுகள் பன்றிக் கொழுப்பாக இருக்கலாம். வாங்கும் முன்பே "பெஸ் மியென்சா" என்று சொல்லுங்கள், இறைச்சி இல்லாமல் என்று அர்த்தம். சில உணவகங்களில் ரொட்டியோடு ஒரு கிண்ணத்தில் வெள்ளையாக வெண்ணெய் மாதிரி வைப்பார்கள். அது ஸ்மாலெட்ஸ், பன்றிக் கொழுப்பு. கத்தியை எடுத்த என் கையைப் பக்கத்து மேசைப் பாட்டி ஒருவர் தடுத்து, "ம்ம்க்" என்று பன்றி மாதிரி உறுமிக் காட்டினார். என்னைப் பார்த்து எப்படி ஊகித்தாரோ, இன்றுவரை நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன்.

பணம் எடுக்கும்போது கவனம் வேண்டும். போலந்தில் யூரோ இல்லை, ஸ்லோட்டிதான். சுற்றுலாப் பகுதி ஏடிஎம்கள் "உங்கள் நாட்டுப் பணத்தில் கணக்கிடட்டுமா" என்று கேட்கும். வேண்டாம் என்று சொல்லி ஸ்லோட்டியையே தேர்ந்தெடுங்கள். ஆம் என்று அழுத்தினால் அவர்கள் வைத்த விகிதம்தான், வங்கி விகிதத்தைவிட நிறையப் பிடித்துக்கொள்வார்கள். டிராமில் காகிதச் சீட்டு வாங்கினால் போதாது, உள்ளே இருக்கும் சிறு பெட்டியில் முத்திரை குத்த வேண்டும். குத்தாத சீட்டும் சீட்டில்லாத பயணமும் ஒன்றுதான்.

செவ்வாய்க்கிழமை அர்ஜென்டினா இளைஞன் ஒரு துண்டுக் காகிதத்தை மேசையில் வைத்தான். அவனுடைய தாத்தாவின் கையெழுத்தில் ஒரு தெருப் பெயரும் கதவு எண்ணும். தாத்தா 1936இல் இந்த ஊரிலிருந்து கப்பலேறியவர். அவருடைய அப்பா, அம்மா, இரண்டு தங்கைகள் இங்கேயே தங்கிவிட்டார்கள். மூன்று நாளாக இந்த ஊரில் இருக்கிறேன், இன்னும் அந்தத் தெருவுக்குப் போகவில்லை என்றான். கூட வரட்டுமா என்று கேட்டேன். லிஸ்பன் அம்மாவும் கோட்டை எடுத்துக்கொண்டார்.

அந்தத் தெரு இருக்கும் காஜிமியெஷ் என்கிற பகுதி, பழைய நகரத்துக்குத் தெற்கே, நடந்து இருபது நிமிடம். 1335இல் அரசர் காஜிமியெஷ் தனி நகரமாகவே நிறுவியது, பின்னாளில் யூதர்களின் பகுதியாக வளர்ந்தது. இன்று காபிக் கடைகளும், சதுக்கத்தில் நீள ரொட்டியில் காளானும் பாலாடைக்கட்டியும் போட்டுச் சுட்டுத் தரும் கடைகளுமாக எப்போதும் கூட்டம். அந்தக் கூட்டத்தைக் கடந்து ஒரு சின்னத் தெருவில் திரும்பினோம். எண் இருந்தது. மூன்று மாடிக் கட்டடம், கீழே சைக்கிள் பழுது பார்க்கும் கடை. வாசல் நிலையின் வலது பக்கம், தோள் உயரத்தில், கைவிரல் நீளத்துக்கு ஒரு சாய்ந்த பள்ளம். மேலே பல தடவை வண்ணம் பூசியும் அந்தப் பள்ளம் நிரம்பவில்லை. மெசூசா இருந்த இடம் என்றான். மறைநூல் வரிகளைச் சுருட்டி வைத்த சிறு பேழை. யூத வீடுகளில் வாசல் நிலையில் பதித்திருப்பார்கள், உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் தொட்டுக்கொள்வார்கள். அவன் அந்தப் பள்ளத்தில் இரண்டு விரலை வைத்தான். ரொம்ப நேரம் விரலை எடுக்கவே இல்லை. நானும் லிஸ்பன் அம்மாவும் எதிர்ப்புறம் போய் நின்றுகொண்டோம். கடைக்காரர் வெளியே வந்து பார்த்தார், ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்விட்டார்.

பிறகு நடைப்பாலம் வழியாக விஸ்துலா ஆற்றைத் தாண்டினோம். 1941 மார்ச்சில் நாஜிகள் இந்த ஊர் யூதர்களை ஆற்றுக்கு அப்பால் பொட்குஜெ பகுதியில் கெட்டோ, அதாவது வெளியே போக முடியாத அடைப்புக் குடியிருப்பு, கட்டி அடைத்தார்கள். 1943 மார்ச் 13, 14 தேதிகளில் அதையும் காலி செய்தார்கள். ஆட்களை ஏற்றி அனுப்பிய சதுக்கத்தில் இன்று உலோக நாற்காலிகள் நிற்கின்றன, வரிசையாக, ஆளில்லாமல். வீட்டைக் காலி செய்யச் சொன்னபோது மக்கள் தூக்கிக்கொண்டு வந்த மேசை நாற்காலிகள் கடைசியில் இந்தச் சதுக்கத்தில்தான் கிடந்தன. மூலையில் ஒரு மருந்துக்கடை, இப்போது அருங்காட்சியகம். கெட்டோவுக்குள் கடை நடத்திய தாதெயுஷ் பன்கியெவிச் என்கிற போலந்துக்காரர் வெளியேற மறுத்து, மருந்தும் ஒளிவிடமும் கொடுத்தவர். அர்ஜென்டினாத் தம்பி ஒரு சின்ன நாற்காலியில் உட்கார்ந்து தாத்தாவுக்குத் தொலைபேசியில் பேசினான். தாத்தா உயிரோடு இருக்கிறார் என்பதே அப்போதுதான் எங்களுக்குத் தெரியும். நூறை நெருங்குகிற வயது. அவன் பேசிய ஸ்பானிஷ் எங்களுக்குப் புரியவில்லை. ஆனால் அந்தக் கதவு எண்ணை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னது புரிந்தது.

புதன்கிழமை ஆஷ்விட்ஸ், நாஜிகள் நடத்திய கொலை முகாம் இருந்த இடம். கிராக்கோவுக்கு மேற்கே ஏறக்குறைய 70 கிலோமீட்டர், பேருந்திலும் ரயிலிலும் போகலாம். நுழைவுச் சீட்டை வாரக்கணக்கில் முன்னதாக இணையத்தில் பதிந்துவிடுவது நல்லது, பெயரும் அடையாள அட்டையும் ஒத்திருக்க வேண்டும், பெரிய பையை உள்ளே விட மாட்டார்கள். அந்த நாளில் வேறெதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள். அங்கே கண்டதை நான் எழுதப்போவதில்லை. இரவு சமையலறையில் நான் விளக்கைக்கூடப் போடாமல் உட்கார்ந்திருந்தேன். கொரியத் தம்பி வந்தான், ஒரு கிண்ணம் சூடான ராம்யானை என் முன்னால் வைத்தான், எதிரே உட்கார்ந்து தன் கிண்ணத்தைச் சாப்பிட்டான். முட்டை மட்டும் போட்டிருந்தான். சூப்புப் பொடியில் மாட்டிறைச்சிச் சாறு இருக்கும் என்று நினைத்து அதைப் போடாமல், உப்பும் என் புளிக்காய்ச்சலில் ஒரு கரண்டியும் கலந்திருந்தான்.

எல்லாரும் இப்படி அமைந்தார்கள் என்று சொல்ல மாட்டேன். வியாழக்கிழமை, இரண்டு நாளாக நன்றாகப் பேசிக்கொண்டிருந்த ஒரு பயணி, அட்டை முடங்கிவிட்டது என்று நூறு ஸ்லோட்டி கடன் கேட்டார். கொடுத்தேன். மறுநாள் காலை படுக்கை காலி. தொகையைவிட, அன்று அவரிடம் மனசு விட்டுப் பேசியிருந்தேனே என்பதுதான் வலித்தது. இப்போது எனக்கு ஒரு விதி உண்டு. பசி என்றால் சாப்பாடு வாங்கித் தருவேன், பணமாகக் கொடுக்க மாட்டேன். போகும் இடத்தை தினமும் வீட்டில் ஒருவருக்கு எழுதிப் போடுவதும், பாஸ்போர்ட்டைப் படுக்கையில் வைக்காமல் உடம்போடு வைத்திருப்பதும் அதே வகை விதிகள்தான். யாரையும் சந்தேகிக்கத் தேவையில்லை, பழக்கமாகச் செய்துவிடலாம்.

வியாழக்கிழமை மதியம் வியெலிச்கா உப்புச் சுரங்கத்துக்கும் போய் வந்தேன். நகர நிலையத்திலிருந்து ரயிலில் அரை மணிக்குள். தொடக்கத்திலேயே ஏறக்குறைய 380 மரப்படிகள் இறங்க வேண்டும். 101 மீட்டர் ஆழத்தில் ஒரு தேவாலயம். சிற்பம், தரை, சரவிளக்கு எல்லாமே உப்பு. முழங்கால் வலி உள்ளவர்கள் யோசித்துப் போங்கள். லிஸ்பன் அம்மா வரவில்லை, சுவர் உண்மையிலேயே கரிக்கிறதா என்று மட்டும் மாலையில் கேட்டார். கரித்தது.

வெள்ளிக்கிழமை காலை ரயில். அர்ஜென்டினாத் தம்பி இன்னும் ஒரு வாரம் தங்குவதாக முடிவு செய்திருந்தான். கொரியத் தம்பிக்கு மீதிப் புளிக்காய்ச்சலை டப்பாவோடு கொடுத்துவிட்டேன். லிஸ்பன் அம்மா நிலையம் வரை வருகிறேன் என்றார். ஃப்ளோரியான்ஸ்கா தெருவில் வடக்கே, கோட்டை வாசலைப் பார்த்து நடந்துகொண்டிருந்தபோது எட்டு அடித்தது. நின்றோம். ஹெய்னாவ் நான்கு சன்னலிலும் நான்கு பேருக்காக வாசிக்கப்படுகிறது என்று எங்களுக்கு நகரைச் சுற்றிக் காட்டிய பெண் சொல்லியிருந்தாள். முதலில் அரண்மனை இருக்கும் வாவெல் குன்று பக்கம், அரசருக்கு. அடுத்தது நகரத் தலைவருக்கு. மூன்றாவது இந்தத் தெருப் பக்கம், ஊருக்கு வந்த விருந்தாளிகளுக்கு. கடைசி வணிகர்களுக்கு.

முதல் இரண்டும் தூரத்தில் கேட்டன. மூன்றாவது நேராக எங்களை நோக்கி வந்தது, வழக்கமான இடத்தில் நின்றது. அவ்வளவு தொலைவிலிருந்து சன்னலில் ஆள் தெரியவில்லை. லிஸ்பன் அம்மா கையை உயர்த்தி அசைத்தார். நானும் அசைத்தேன். என் பையின் ஒரு வாரை அவர் தோளில் வாங்கிக்கொள்ள, இரண்டு பேருமாகத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டினோம்.